நல்லதை மட்டும் ஊகிப்பவர்கள்

சனிக்கிழமை காலைகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் நான் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்கள் என்றால் நிஜமாகவே பெரியவர்கள். அந்த அறையில் வயதில் இளையவள் நான்தான். பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காரும் அக்கா ஒருவர், மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வரும் ஓர் அங்கிள். அங்கிள் முப்பது வருடத்துக்கு மேல் லோரி ஓட்டியவர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மருமகளோடு பேசுவதற்காக இந்த வயதில் ஆங்கிலம் படிக்கிறார். நான்காவது ஆள் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கிளார்க். அவரை நாங்கள் கிள்ளான் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்குப் பொறுமை குறைவு. ஆசிரியைக்கு இருக்கக் கூடாத குணம் இது என்று என் கணவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பொறுமை இல்லாமலேயே பல வருடம் ஓட்டிவிட்டேன், இனிமேல் எங்கே போய் வாங்குவது?

அன்று பாடம் ஊகம். கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதற்கு ஆங்கிலத்தில் சில சின்னச் சொற்கள் இருக்கின்றன. சான்று பலமாக இருந்தால் மஸ்ட். இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்றால் மைட். வாய்ப்பே இல்லை என்றால் கான்ட். தமிழில் இருக்கும், இருக்கலாம், இருக்காது என்று யோசிக்காமலே சொல்லிவிட்டுப் போகிறோம். ஆங்கிலத்தில் என் மாணவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக, எங்கள் ஊர் ‘லா’வையும் ஒட்டி, ‘மஸ்ட் பி லா’ என்று முடித்துவிடுவார்கள். அதை மாற்றத்தான் நான் ஒரு படத்தைக் கொண்டுபோயிருந்தேன்.

படத்தில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம். பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தலையைக் குனிந்து, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் யாருமில்லை. இதைப் பார்த்து ஊகித்துச் சொல்லுங்கள் என்றேன்.

கல்லாக்கார அக்கா, அவளுக்குத் தூக்கம் வருகிறது என்றார். துணிக்கடை அக்கா, அவளுடைய தங்கைக்கு உள்ளே குழந்தை பிறக்கப் போகிறது என்றார். அங்கிள் நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, அவள் புருஷன் காருக்குப் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்கிறான், மஸ்ட் பி, என்றார்.

“கண்ணுல தண்ணி தெரியுது பாருங்க. ஏன் அழுவுறாங்க?” என்று கேட்டேன்.

“சந்தோஷத்துல டீச்சர்,” என்றார் கிள்ளான் அக்கா.

“அந்த ஆஸ்பத்திரியில உடம்பு சரியில்லாதவங்க ஒருத்தருமே இல்லையா?”

“இருப்பாங்க டீச்சர்,” என்றார் அங்கிள் பொறுமையாக. “காலங்காத்தால அத எதுக்கு நம்ம வாயால சொல்லிக்கிட்டு?”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். முன்பின் தெரியாத, அச்சடித்த வெள்ளைக்காரிக்குக்கூட இவர்கள் கெட்டதை நினைக்க மாட்டார்கள். பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான் கிடைக்கும் என்று சத்தம் போட்டேன். வீட்டுப்பாடமும் கொடுத்தேன். தெரிந்த ஒருவரைக் கவனியுங்கள், அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், பார்த்ததை மட்டும் வைத்து ஊகித்து வாக்கியம் அமைத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் நால்வரும் வெறுங்கையோடு வந்தார்கள். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அதற்கும் ஒரு சத்தம் போட்டேன்.

இவர்கள் நல்லதை மட்டும் ஊகித்துக்கொண்டிருந்த அந்த நாள்களில் நான் கெட்டதை மட்டும் ஊகித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூன்றாவது மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. முதலாவது, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விட்டது. இரண்டாவது ஐந்தாவது மாதத்தில் போயிற்று. அதற்குள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தேன். தொட்டில் வாங்கிவிட்டிருந்தேன். வகுப்பிலும் சொல்லி, துணிக்கடை அக்கா பால்கோவா செய்துகொண்டு வந்திருந்தார். பிறகு நான் வெறுமனே திரும்பி வந்தபோது அந்த நால்வரில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விட்ட பாடத்திலிருந்து ஆரம்பித்தோம்.

ஆகவே மூன்றாவது முறை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று முடிவெடுத்தேன். நாங்கள் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். சகுனம் பார்க்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் அது சபை பார்ப்பதில்லை. வீட்டில் ‘பிள்ளை’ என்ற சொல்லையே நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம். என் கணவர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “விஷயம் எப்படி இருக்கு?” என்று கேட்பார். “விஷயம் பரவால்ல,” என்பேன். ஏதோ கள்ளக்கடத்தல் செய்கிறவர்கள் மாதிரி.

டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு, “எவ்ரிதிங் ஷுட் பி ஃபைன்,” என்பார். மற்றவர்கள் அதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். நான் அந்த ஷுட் என்ற சொல்லை வருடக்கணக்காகப் பாடம் எடுப்பவள். எல்லாம் சரியாக இருக்க வேண்டும், ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். கார் நிறுத்துமிடத்தில் நின்று அதை என் கணவரிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “டாக்டர் மொகம் நல்லா இருந்துச்சு. எனக்கு அது போதும்,” என்றார். எனக்கு அது போதவில்லை. ஒரே ஓர் ஆசைதான் எனக்கு இருந்தது, இந்தப் பிள்ளை உயிரோடு என் கைக்கு வர வேண்டும். அதை வாய்விட்டுச் சொன்னால் போய்விடும் என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது.

வகுப்பில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. நான் போவதற்குள் வெள்ளைப் பலகை துடைத்திருக்கும். எனக்கென்று ஒரு மெத்தை வைத்த நாற்காலி காற்றாடிக்கு நேர்கீழே வந்து உட்கார்ந்திருந்தது. அங்கிளுக்கு முட்டி வலி, தனக்காகக் கொண்டுவந்து வெட்கப்பட்டு எனக்குப் போட்டிருப்பார் என்று ஊகித்தேன். யாரோ அன்னாசிப்பழ டார்ட் கொண்டுவந்தபோது தட்டு என் பக்கம் வராமலேயே காலியாயிற்று. என்னைவிட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்களே என்று மனத்தாங்கல்கூட வந்தது. நானோ மலாய்ப் பெண்கள் போடுகிற தொளதொள பாஜு கூரோங்கை இரண்டு அளவு பெரிதாகப் போட்டு, மேலே ஒரு துப்பட்டாவையும் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் கண்ணாடியே பார்க்காதவள் மட்டும்தான் அப்படி நம்ப முடியும்.

ஆறாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்டேன். துணிக்கடை அக்கா கிள்ளான் அக்காவிடம் ஒரு பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பை வாய் திறந்திருந்தது. உள்ளே பிறந்த குழந்தைக்குப் போடுகிற சின்னச் சட்டைகள். முன்பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய சட்டைகள். என்னைப் பார்த்ததும் கிள்ளான் அக்கா பையை மேசைக்கு அடியில் தள்ளினார். இருவரும் ஒரே நேரத்தில் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நம் ஆள்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதன்முதலில் புதுத்துணி போட மாட்டார்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையை வாங்கிப் போடுவார்கள், அந்தப் பிள்ளையின் ஆயுசு இதற்கும் வரட்டும் என்று. பழைய சட்டை கை மாறினால் யார் வீட்டிலோ பிள்ளை வரப்போகிறது என்று அர்த்தம். கிள்ளான் அக்காவுக்கு நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். பிள்ளைகள் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கொஞ்ச நாளாக அவர் முகத்தில் ஒரு களை வேறு வந்திருந்தது. ஊகம் நடத்துகிற டீச்சருக்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? மஸ்ட் என்று முடிவு கட்டினேன்.

முதலில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள் நான்தான். எனக்கோ நெஞ்செல்லாம் பொறாமை. இவர் மட்டும் எப்படித் தைரியமாகச் சட்டை சேர்க்கிறார், ஒன்றும் ஆகாது என்று இவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று எரிந்தது. நான் ஒரு சாக்ஸ்கூட வாங்கப் பயந்துகொண்டு இருக்கிறேன், இவர் பை நிறைய வைத்திருக்கிறார். அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவருடைய வாக்கியங்களில் மட்டும் எனக்குப் பிழைகள் அதிகமாகத் தெரிந்தன. அவர் ஒவ்வொரு தடவையும் “சரி டீச்சர்,” என்று திருத்திக்கொண்டார்.

ஏழாவது மாதத்தின் கடைசியில் வகுப்புக்குக் கொஞ்ச காலம் விடுமுறை விட்டேன். தைப்பிங்கில் ஓர் அத்தைக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். எனக்குத் தைப்பிங்கில் அத்தையே கிடையாது. நால்வரும் இல்லாத அத்தைக்காக மிகவும் கவலைப்பட்டார்கள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு கிள்ளான் அக்கா மட்டும் நின்றார். மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது உங்களுக்கு டீச்சர்.”

“இது உங்களுக்குத்தானே?” என்றேன். “உங்களுக்குன்னுல நெனச்சேன்.”

“எனக்கா?” அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அய்யோ டீச்சர், இந்த வயசுலயா? எங்க ஊட்டுக்காரரு கேட்டா மயக்கம் போட்டுருவாரு லா!”

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“அந்த வீட்டுப்பாடம் குடுத்தீங்கல்ல, தெரிஞ்ச ஒருத்தரப் பாத்து ஊகிக்கச் சொல்லி. கீழ பக்கத்து டீக்கடையில தே ஓ குடிச்சிக்கிட்டு உங்களத்தான் வெச்சிப் பேசினோம். அங்கிள்தான் ஆரம்பிச்சாரு. டீச்சர் மஸ்ட் பி டயர்ட், படியேறுறப்ப நின்னு நின்னு ஏறுறாங்கன்னாரு. பேக்ல புளிப்பா ஆசாம் வெச்சித் தின்னுறாங்கன்னு நான் சொன்னேன். அப்புறம் ஒங்க ஊட்டுக்காரரு. முன்ன எல்லாம் கீழயே விட்டுட்டுப் போயிருவாரு. இப்ப மேல வந்து நாற்காலியில உக்கார வெச்சிட்டுப் போறாரு. எல்லாரும் கப்புனு வாய மூடிட்டோம். அத எப்படி டீச்சர் உங்ககிட்ட வந்து வாசிச்சுக் காட்டுறது?”

அந்த வீட்டுப்பாடத்துக்காக நான் சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. நால்வரும் அதை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். இது அங்கிளோட சின்ன மகன் போட்டது, இப்ப ஆஸ்திரேலியாவுல இன்ஜினியர். இது கல்லாக்கார அக்கா மகளோடது, ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல எப்பவும் அதான் முதல். இது துணிக்கடை அக்கா பேரனோடது, அவன் சாப்பிடுற சாப்பாட்டுக்கு அவங்கம்மா ரெண்டு வேலைக்குப் போகணும். ஒவ்வொரு சட்டைக்கும் ஓர் ஆள் உண்டு, நன்றாக வளர்ந்த, பசிக்கிற, சத்தம் போடுகிற ஆள்.

“இதுக்கெல்லாம் நீங்களா அக்கா அலைஞ்சீங்க?”

“அலைஞ்சேன். எனக்கு அதுல ஒரு சந்தோஷம் டீச்சர்.” கடைசிச் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். “எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு. பையன். ஒரு மாசங்கூட இருக்கல. நெஞ்சுல ஓட்ட இருந்துச்சின்னு சொன்னாங்க. அவன் சட்ட ஒண்ணு ஊட்டுல வெச்சிருக்கேன். ஆனா அத நான் இதுல சேக்கல. பயப்படாதீங்க. எல்லாம் நல்லா இருக்கிற புள்ளைங்களோடதுதான், நான் பாத்துப் பாத்துத்தான் வாங்கினேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர் கிளம்பினார்.

பையை வீட்டில் கட்டில்மேல் கொட்டியபோது என் கணவர் ஒரு சட்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. “பிள்ளைக்குப் பத்துமா இது?” என்று கேட்டார். அத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் பயந்து அவரைப் பார்த்தேன். அவரும் பயந்துதான் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து இருவரும் சட்டைகளை மடித்து வைத்தோம்.

மகள் குறித்த நாளுக்கு முன்பே வந்துவிட்டாள். பிறந்ததும் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த முகத்தில் எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகு ஒரு தும்மல் மாதிரி ஏதோ கேட்டது, அதற்குப் பிறகு அவள் கத்திய கத்தலில் நர்ஸ் சிரித்துவிட்டார். இனி எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வகுப்பு முழுவதும் வந்தது. அங்கிள் தொட்டிலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மருமகளிடம் பேசப் பழகிய ஆங்கிலத்தில் என் மகளுக்கு ‘ஹவ் டு யூ டூ’ சொன்னார். கல்லாக்கார அக்காவும் துணிக்கடை அக்காவும் மாறி மாறித் தூக்கினார்கள். கிள்ளான் அக்கா பூண்டுக்குழம்பை ஒரு தூக்கில் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

“தூக்குங்க அக்கா,” என்றேன்.

“இல்ல டீச்சர். எனக்குக் கொஞ்சம் சளி.”

அவர் குரலில் சளி இல்லை. காலையிலிருந்து பூண்டு உரித்துக் குழம்பு வைத்து, ரயில் மாறி வந்த மனுஷி, பிள்ளைக்கு ஐந்தடி தூரத்திலேயே நின்றார். மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள், ஆனால் வற்புறுத்தவில்லை. இந்த முறை நான் எதையும் தப்பாக ஊகிக்கவில்லை. தன் கை பட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் பயந்தார். எட்டு மாதம் எனக்குள் இருந்த அதே பயம்தான், அவருக்குள் பல வருடமாக இருந்திருக்கிறது.

எல்லோரும் கிளம்பும்போது அவரை மட்டும் கூப்பிட்டேன். “அக்கா, அந்தச் சட்ட இருக்குன்னு சொன்னீங்கல்ல. தம்பியோடது. அத எனக்குக் கொண்டுவந்து தருவீங்களா?”

அவர் முகம் மாறியது. “அத எதுக்கு டீச்சர்? வேணாம். அதெல்லாம் குடுக்கக் கூடாது.”

“எனக்கு வேணும்.”

எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டு முடித்ததும் என் கணவரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டே, “கொண்டு வாங்கக்கா,” என்றார்.

அடுத்த வாரம் வருவார் என்று நினைத்திருந்தேன். மறுநாளே வந்துவிட்டார், அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு. வெள்ளைச் சட்டை. பல வருடமாக மடிப்பில் இருந்து லேசாகப் பழுத்திருந்தது. புதிதாகத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தார், இன்னும் சோப்பு வாசனை இருந்தது. என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“நீங்களே போட்டு விடுங்க,” என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடியும் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு குனிந்து என் மகளின் கழுத்துக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தூக்கி, ஒரு கையை நுழைத்து, மறுகையை நுழைத்து, நாடாவைக் கட்டினார். எங்கேயும் தடுமாறவில்லை. சட்டை தொளதொளவென்று இருந்தது, கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின. என் மகள் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

“கொஞ்சம் பெருசா இருக்குக்கா,” என்றேன்.

அவர் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“அவனுக்கும் பெருசாத்தான் இருந்துச்சு டீச்சர்,” என்றார்.